கத்திரி வெயிலில் ஓடத் தொடங்குகிறவர்களுக்கு: புதுச்சேரி, கடலூர் வழிகாட்டி

கோடையில் ஓடத் தொடங்கலாமா என்று என்னைக் கேட்டால், தை மாசியில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பெரும்பாலோருக்கு ஆசை சித்திரையில்தான் வருகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, ரத்தப் பரிசோதனையில் எகிறிய சர்க்கரை, கூட வேலை பார்க்கிறவர் வாங்கிய புது ஷூ என்று ஏதாவது ஒன்று கிளப்பிவிட்டுவிடும். நான் கடலூர்க்காரி, வேலை புதுச்சேரியில். இரண்டு ஊரிலும் கோடையில் ஓடிப் பட்ட பாட்டை வரிசையாக எழுதியிருக்கிறேன். இதில் பாதியையாவது யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஒரு ஷூவும் சில நகங்களும் மிஞ்சியிருக்கும்.

1. வெயிலை விடுங்கள், புழுக்கத்தைக் கவனியுங்கள்

"விடியற்காலையில் ஓடுங்கள், குளுகுளுவென்று இருக்கும்" என்று எழுதியவர்கள் யாரும் மே மாதத்தில் நம் கடற்கரைக்கு வந்ததில்லை. இங்கே காலை ஐந்து மணிக்கே 27, 28 டிகிரி இருக்கும். ஒரு நாளில் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதும் அந்த நேரத்தில்தான். வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும். காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுகிறது. உடம்பின் சூடு உள்ளேயே தங்குகிறது, இதயம் அதே வேகத்துக்குக் கூடுதலாக அடிக்கிறது.

அதனால் போனில் வானிலை பார்க்கும்போது வெப்பநிலையோடு நிற்காமல், காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் 'டியூ பாயின்ட்' என்ற எண்ணையும் பாருங்கள். 20க்குக் கீழே இருந்தால் கொண்டாட்டம். 24ஐத் தாண்டினால் கால் கனக்கும். மே, ஜூனில் நமக்கு 25, 26 சர்வசாதாரணம். அன்றைக்குக் கிலோமீட்டருக்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கூடுதலாக ஆனால் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை, கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு ஓடுங்கள். கோடை முழுவதும் எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணாமல், எத்தனை நிமிடம் என்று எண்ணுவது மனசுக்கும் உடம்புக்கும் நல்லது.

2. முதலில் டாக்டர், பிறகு ஒரு துண்டுச் சீட்டு

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பிபி உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். பிபி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, இசிஜி மூன்றும் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே முடியும். ஆனால் ஒரு காலைப் பொழுது போய்விடும், அலுவலகத்தில் முன்பே சொல்லிவிடுங்கள். தனியார் ஆய்வகத்தில் சில நூறு ரூபாய் ஆகும், அரை மணி நேரத்தில் வெளியே வரலாம்.

பிபிக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கோடையில் வியர்வையிலும் நீர் போய், மாத்திரையிலும் போனால் தலை சுற்றும். முட்டி வலிக்கிறது என்று ஓட்டத்துக்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

அடுத்து, ஒரு தாளில் பெயர், ரத்த வகை, வீட்டிலுள்ள இருவரின் போன் எண், சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாமை எல்லாம் எழுதி லேமினேட் செய்துகொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடையில் இருபது, முப்பது ரூபாய்க்குள் முடிகிற வேலை. போன் இருக்கிறதே என்பீர்கள். நீங்கள் மயங்கிக் கிடக்கும்போது பூட்டிய போனைத் திறந்து அம்மா எண்ணைத் தேட யாராலும் முடியாது.

3. வாங்க வேண்டியவை, விலையோடு

ஷூதான் பெரிய செலவு. 2,500 முதல் 4,000 ரூபாய்க்குள் ஓடுவதற்கென்றே செய்த நல்ல ஷூ கிடைக்கும், முதல் ஷூவுக்கு அதற்கு மேல் போக வேண்டியதில்லை. சாயங்காலம் கடைக்குப் போங்கள். நாளெல்லாம் நடந்து பாதம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். போடப்போகும் சாக்ஸையே கையோடு கொண்டு போய், நின்று பார்க்கும்போது கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல்கடை இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். புதுச்சேரியில் ஒரு கடையில் இடம் போதவில்லை என்று சொன்னபோது, "போகப் போக விரிஞ்சு கொடுக்கும்மா" என்று கட்டிக் கொடுத்தார்கள். ஷூ விரியவில்லை. என் இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்து விழுந்தன, பில் இருந்தும் மாற்றித் தரவில்லை. மாற்றிக் கொடுப்பார்களா, எத்தனை நாளுக்குள், அட்டைப்பெட்டி வேண்டுமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, பில்லில் எழுதியும் வாங்குங்கள்.

பருத்தி பனியன் வேண்டாம். பத்தே நிமிடத்தில் நனைந்து, ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓடுவது போலாகிவிடும். பாலியஸ்டர் பனியன் 300 முதல் 500 ரூபாய், இரண்டு போதும், ஒன்று காயும்போது ஒன்று. சாக்ஸும் பருத்தியில் வேண்டாம், ஈரம் கோத்துக் கொப்புளம் போடும். முன்னால் நீட்டிய தொப்பி ஒன்று வாங்குங்கள், விடியலில்கூட அது தேவைப்படும். நெற்றி வியர்வை கண்ணில் இறங்காமல் தடுப்பது அதுதான். சன்ஸ்கிரீன் பூசுகிறவர்கள் புருவத்துக்கு மேலே பூசாதீர்கள், வியர்வையோடு கலந்து கண்ணுக்குள் இறங்கினால் மிளகாய்ப் பொடி தோற்றுவிடும். பெண்கள் ஸ்போர்ட்ஸ் பிராவில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். மார்புக்குக் கீழே வரும் பட்டை இறுக்கமாக, தையல் மேடு இல்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிக்கும்போது உயிர் போகும்.

சாவியும் ரூபாய் நோட்டும் துண்டுச் சீட்டும் நனையாமல் இருக்கத் தனியாகப் பை வாங்க வேண்டாம். கழுவிக் காயவைத்த பாண்லே பால் கவர் ஒன்று போதும். ஒரு மூலையை மட்டும் சின்னதாக வெட்டியிருந்தால் இன்னும் நல்லது, உள்ளே போட்டு இரண்டு மடிப்பு மடித்துச் செருகினால் சொட்டுக்கூட இறங்காது. போனுக்கு மட்டும் ஜிப் வைத்த கவர். சார்ஜ் போடும் ஓட்டையில் வியர்வை இறங்கி, வீட்டுக்கு வந்ததும் 'ஈரம் இருக்கிறது' என்று சார்ஜ் ஏற மறுப்பது இந்த ஊரில் அன்றாடக் கதை.

4. எத்தனை மணிக்கு எழுவது

மே மாதம் சூரியன் காலை 5:45 வாக்கில் எழும். 6:30க்கு மேல் வெயில் முகத்தில் அறையும். ஆகவே 5 மணிக்கு ஓட்டம் தொடங்க வேண்டும், 4:30க்கு எழ வேண்டும், அதற்கு இரவு 9:30க்குப் படுக்க வேண்டும். இந்தக் கடைசி வரிதான் எல்லோரையும் கவிழ்க்கிறது. வீட்டில் டிவி ஓடும், மின்விசிறி வெந்நீரைக் கிளறுகிற மாதிரி காற்றைக் கிளறும். ஐந்து மணி நேரம்கூடத் தூங்காத இரவுக்கு அடுத்த நாள் ஓட வேண்டாம். நடங்கள், போதும்.

அலுவலகம் போகிறவர்கள் குளிப்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடி முடித்த கையோடு குளித்தால், துடைத்து முடிப்பதற்குள் மறுபடி வியர்த்துச் சட்டை ஒட்டிக்கொள்ளும். இருபது நிமிடம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து உடம்பு ஆறிய பிறகு குளியுங்கள்.

மாலையில் ஓடலாமா? ஓடலாம், கடல் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பகல் பன்னிரண்டு வாக்கில் கடல் காற்று எட்டிப் பார்த்தால் மாலை தாங்கும். மே கடைசியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று அழுத்தினால் அது பிற்பகல் மூன்றுக்கும் வராது, சில நாள் வரவே வராது. அன்று ராத்திரி எட்டு மணிக்கும் தார்ச்சாலை பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே இருங்கள்.

5. எங்கே ஓடுவது

புதுச்சேரியில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கடற்கரைச் சாலையை அடித்துக்கொள்ள வேறு இடம் இல்லை. மாலை 6 மணி முதல் காலை 7:30 வரை வண்டிகள் கிடையாது. ஒரு முனையிலிருந்து டூப்ளே சிலை இருக்கும் தென்முனை வரை சுமார் ஒன்றேகால், ஒன்றரை கிலோமீட்டர். நடப்பவர்கள் நிறைய இருப்பதால் விடியலுக்கு முன் தனியாகப் போகும் பெண்களுக்கும் தைரியம். குறை ஒன்றுதான், நிழலே கிடையாது. சூரியன் கடலிலிருந்து எழுந்ததும் நேராக உங்கள் மேல்தான்.

அப்போது மேற்கே ஒரு தெரு உள்ளே வந்துவிடுங்கள். ரோமன் ரோலண்ட் வீதி, சுய்ப்ரேன் வீதி எல்லாம் கடலுக்கு இணையாகத் தெற்கு வடக்காக ஓடுகின்றன. காலையில் கிழக்கு வரிசை வீடுகளின் நிழல் பாதித் தெரு வரை விழும், மஞ்சள் சுவரை ஒட்டியே ஓடினால் ஏழு மணி வரை தள்ளலாம். வழியில் மதிலிலிருந்து தொங்கும் காகிதப்பூக் கிளை கண்ணில் குத்தும், தலையைக் குனிந்துகொள்ளுங்கள். சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்க நடுத்தெருவில் நிற்கும் சனி, ஞாயிறுகளில் இந்த வழி சரிப்படாது.

லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானமும் உப்பளம் விளையாட்டரங்கமும் அந்தந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வசதி. கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானம், அண்ணா விளையாட்டரங்கம், தேவனாம்பட்டினம் சில்வர் பீச் போகும் சாலை. விளையாட்டரங்கங்களில் மாதக் கட்டணமோ அடையாள அட்டையோ உண்டா, எந்த நேரம் பொதுமக்களுக்கு என்று அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ஆதார் நகலும் பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டும் கையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். கோடையில் பயிற்சி முகாம் நடக்கும், அந்த நேரத்தில் ஓடுதளம் பிள்ளைகளுக்குத்தான்.

சில்வர் பீச்சில் மணலில் ஓட எல்லோருக்கும் ஆசை வரும். மெத்து மணல் கெண்டைக்காலைக் கிழித்துவிடும், ஈர மணல் ஒரு பக்கம் சரிந்திருப்பதால் முட்டி நோகும். பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் ஓட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாவிட்டாலும் கரையில் வலை பழுது பார்க்கும் வேலை நடக்கும். தூண்டில் முள்ளும் கண்ணாடித் துண்டும் மணலில் புதைந்திருப்பது தெரியாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு விடியலில் ஓடாதீர்கள். வார இறுதியில் புதுச்சேரிக்கு எதற்காக வருகிறார்கள், எந்த நிலையில் திரும்புகிறார்கள் என்பதை உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சாலையானாலும் வலப்பக்கமாக, வண்டிகள் எதிரே வரும்படி ஓடுங்கள், இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம்.

6. முதல் இரண்டு வாரம்

உடம்பு சூட்டுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். அதற்குள் சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்புக் குறையும், நாடித் துடிப்பு அடங்கும். அந்த நாட்களில் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கி "ம்", "ஆமா" என்று மட்டும் வந்தால் நடக்கத் தொடங்குங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டலாம்.

ஏசி போட்ட ஜிம்மில் டிரெட்மில்லில் ஓடினால் கால் பழகும், சூடு பழகாது. ஊருக்குப் போய் இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டால் பழகியதும் கரைந்துவிடும், மறுபடி இருபது நிமிடத்திலிருந்துதான்.

7. தண்ணீரும் உப்பும்

கிளம்புவதற்கு அரை மணி முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர். முக்கால் மணி நேரத்துக்குள் முடிக்கிற ஓட்டத்துக்குக் கையில் பாட்டில் தேவையில்லை. அதற்கு மேல் போனால் அரை லிட்டர் எடுத்துக்கொண்டு, தாகத்துக்கு இரண்டு மடக்காகக் குடியுங்கள்.

எவ்வளவு வியர்க்கிறது என்று தெரிந்துகொள்ள வீட்டுத் தராசு போதும். ஓடுவதற்கு முன்பும், வந்து வியர்வையைத் துடைத்த பிறகும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் போயிருக்கிறது, அதை ஒரே மூச்சில் குடிக்காமல் இரண்டு மணி நேரத்தில் திருப்பிக் கொடுங்கள். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தலைவலி, குமட்டல் வரும், முற்றினால் வலிப்புவரை போகும். 'நிறையத் தண்ணீர் குடி' என்கிற அறிவுரைக்கும் ஒரு எல்லை உண்டு.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய நாளில் உப்பும் வேண்டும். மருந்துக் கடையில் ஓஆர்எஸ் பொட்டலம் வாங்குங்கள், பெரியது இருபத்தைந்து ரூபாய்க்குள் கிடைக்கும், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பெரிய பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் வயிற்றைக் கலக்கிவிடும். பழச்சுவையோடு அட்டைப்பெட்டியில் விற்கும் பானங்களை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்காதீர்கள், பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர்தான். வீட்டில் செய்வதானால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள், இளநீர்க்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. என்னைக் கேட்டால் உப்புப் போட்ட நீர்மோரும், சின்ன வெங்காயத்தோடு பழைய சோற்று நீராகாரமும் இந்த எல்லாவற்றையும்விட மேல்.

8. உரசல், வேர்க்குரு, படர்தாமரை

யாரும் வாய்விட்டுச் சொல்லாத தொல்லைகள் இவை. தொடை இடுக்கு, அக்குள், பிரா பட்டை, ஆண்களுக்கு மார்க்காம்பு எல்லாம் உரசிப் புண்ணாகும். கிளம்பும் முன் வாசலின் களிம்பைத் தாராளமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் பாதி வழியில் வழிந்துவிடும்.

ஈர உடையோடு டீக்கடையில் அரை மணி நேரம் நின்று பேசினால் சில வாரங்களில் இடுக்கில் வட்டமாகச் சிவந்து அரிக்கும். அது படர்தாமரை. மருந்துக் கடையில் கேட்டால் உடனே அரிப்பு நிற்கிற களிம்பு ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மூன்று நாளில் மறைந்து, விட்டதும் இரண்டு மடங்காகப் படரும், பிறகு டாக்டருக்கே சவால். தோல் மருத்துவரிடம் போய்ச் சீட்டு வாங்கிய மருந்தை, மறைந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை போடுங்கள்.

ஓடிய உடையை வாளியில் ஊறவிடாமல் அப்போதே பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள். ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக்குக் கீழே காயவையுங்கள். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் பசை விட்டு அடித்தோல் வாயைப் பிளக்கும்.

9. நாய்

விடிகாலைத் தெரு அவற்றுடையது. துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், முதுகைக் காட்டாதீர்கள், குனிந்து கல் எடுப்பது போல் செய்தாலே பெரும்பாலும் விலகிவிடும். கடித்தால், கீறினாலும்கூட, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஊசி போட வேண்டும், புதுச்சேரி அரசு பொது மருத்துவமனையிலும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் இலவசம். கையில் போடும் ஊசி முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள்கள். ரத்தம் வந்த கடிக்குக் காயத்தைச் சுற்றியும் தனி மருந்து போட வேண்டும், நீங்களே கேளுங்கள். கொடுக்கிற சீட்டைப் போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஊசிக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

10. எப்போது நிறுத்துவது

தலைவலி, குமட்டல், கண் இருட்டுவது, இந்தப் புழுக்கத்திலும் உடம்பு சிலிர்ப்பது. இதில் எது வந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது. நிழலில் உட்கார்ந்து தலை, கழுத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போங்கள்.

கூட ஓடுகிறவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்ப மயக்கம் இல்லை, வெப்பத் தாக்கு. உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். "வியர்க்குதே, ஒண்ணுமில்ல" என்று விட்டுவிடாதீர்கள், ஓடும்போது வரும் வெப்பத் தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கும். 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை குளிரவையுங்கள். உடையைத் தளர்த்தி, கிடைக்கிற தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். பக்கத்தில் மீன் வண்டி இருந்தால் ஐஸ் கேட்டு வாங்கி அக்குள், கழுத்தில் வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

11. பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதானால்

கோடையில் பழகிய கால் குளிர்காலத்தில் தானாகவே வேகம் பிடிக்கும். சென்னை மாரத்தான் ஜனவரியில், ஆரோவில் மாரத்தான் பிப்ரவரியில் நடப்பது வழக்கம். முதலில் 10 கிலோமீட்டருக்குக் கொடுங்கள். முன்கூட்டியே பதிவு செய்தால் கட்டணம் குறைவாக இருக்கும், ஆனால் போகாவிட்டால் பணம் பொதுவாகத் திரும்பாது, உங்கள் பந்தய எண்ணை வேறொருவருக்கு மாற்றித் தரவும் மாட்டார்கள். ஆதாரில் இருக்கிற பெயரை எழுத்துப் பிசகாமல் அப்படியே பதிவு செய்யுங்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை வாங்கப் போகும்போது உறுதி செய்த மின்னஞ்சலும் படம் ஒட்டிய அடையாள அட்டையும் கேட்பார்கள். பந்தய நாள் காலையில் எண் அட்டை தருவது அரிது, ஆகவே வெளியூர்ப் பந்தயமானால் முந்தைய நாள் பஸ் செலவையும் தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.